பழைய விண்டோஸ் கணினிக்குத் திருத்திய மென்பொருள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 7க்கான ஆதரவை 2020 ஜனவரி 14 அன்றும் நிறுத்தியது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10உம் அந்த வரிசையில் சேர்ந்தது. ஆனால் இந்த இயங்குதளங்களோடு வாங்கிய இயந்திரங்கள் அந்தத் தேதிகளோடு நின்றுவிடவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியைப் புதிய மென்பொருள் ஏறவில்லை, இணையதளம் திறக்கவில்லை என்பதற்காக மட்டும் ஓரங்கட்ட மனம் வராத தன்னார்வ நிரலாளர்கள் பலர், பழைய விண்டோஸில் ஓடும்படி திருத்திய உலாவிகளையும் இயங்குதளத்தின் உட்பகுதியையே நீட்டித்துத் தரும் கருவிகளையும் வெளியிட்டு வருகிறார்கள். எக்ஸ்பியிலும் ஓடும் சூப்பர்மியம், மைபால் ஆகிய உலாவிகளும், விண்டோஸ் 7க்கான விஎக்ஸ்கெக்ஸும், எக்ஸ்பிக்கான ஒன்-கோர்-ஏபிஐயும் இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றுள் பல உண்மையிலேயே திறமையான வேலைகள். இருந்தும் இவற்றை நிறுவிய கணினிகள் பாழாவதற்குக் காரணம், ஒவ்வொன்றும் எந்த அடுக்கைச் சரிசெய்கிறது, எதைத் தொடுவதே இல்லை என்று பாராமல் நிறுவிவிடுவதுதான்.

உலாவி திறந்ததும் கணினியே புதுப்பிக்கப்பட்டுவிட்டதாக எண்ணுவது

மிகப் பரவலான தவறு இது. எக்ஸ்பியோடு வந்த பாதுகாப்பு இணைப்புப் பகுதிக்கு டிஎல்எஸ் (இணையத் தகவலை மறையாக்கி அனுப்பும் முறை) 1.0 வரைதான் தெரியும். இன்றைய இணையதளங்களோ 1.2 அல்லது 1.3 இல்லாமல் பேச மறுக்கின்றன. சூப்பர்மியம் போன்ற உலாவி, இயங்குதளத்தின் அந்தப் பகுதியை நம்பாமல், டிஎல்எஸ் வேலையைச் செய்யும் நிரலைத் தன்னோடே கொண்டுவருகிறது. அதனால்தான் பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் வெற்றுப் பிழைச்செய்தி காட்டிய பக்கம், அதே கணினியில் இந்த உலாவியில் சிக்கலின்றித் திறக்கிறது. அதைப் பார்த்து மகிழ்ந்த கையோடு பழைய அஞ்சல் மென்பொருளைத் திறந்தால் அது சேவையகத்தோடு இணைய முடியாமல் நிற்கிறது. உலாவி கெட்டுப்போனதால் இப்படி ஆகவில்லை. அஞ்சல் மென்பொருள் இன்னும் இயங்குதளத்தின் பழைய பகுதியையே கேட்டு வேலை செய்கிறது, அவ்வளவுதான்.

பாதுகாப்பிலும் இதே கணக்குதான். உலாவியில் உள்ள ஓட்டைகளை அதன் பராமரிப்பாளர் அடைக்கலாம். அதற்குக் கீழே இருக்கும் கோப்புப் பகிர்வுச் சேவையையும், எழுத்துருவைப் படித்துத் திரையில் வரையும் பகுதியையும் அவர் தொடுவதில்லை. 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை என்ற தீநிரல், எவரும் எதையும் சொடுக்காமலே, எஸ்எம்பி என்ற கோப்புப் பகிர்வு முறையின் முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாக ஒரே வலையமைப்பில் இருந்த கணினியிலிருந்து கணினிக்குத் தாவியது. பெரும்பாலும் அடிபட்டவை, இரண்டு மாதங்களுக்கு முன்பே வந்திருந்த பேட்சை (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) போடாத விண்டோஸ் 7 கணினிகள். எவ்வளவு புதிய உலாவி இருந்திருந்தாலும் அவற்றை அது காப்பாற்றியிருக்காது. ஆகவே திருத்திய உலாவியை நிறுவும் அன்றே எஸ்எம்பி முதல் பதிப்பையும், தேவையில்லாத தொலைநிலை டெஸ்க்டாப்பையும் அணைத்துவிட வேண்டும். அந்தக் கணினி எப்போதும் ரௌட்டருக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும் வங்கிக் கணக்கையோ முதன்மை மின்னஞ்சலையோ அதில் திறக்காமல் இருப்பதே என் பரிந்துரை. பழைய ஸ்கேனரை ஓட்டவும், தட்டச்சு செய்யவும், பாட்டு கேட்கவும், செய்தி படிக்கவும் ஒரு கணினி பயன்பட்டாலே அது பயனுள்ள கணினிதான்.

இங்கே ஒரு சிறிய விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் இதைக் கவனிக்காமல் மணிக்கணக்கில் உலாவியை மாற்றி மாற்றி நிறுவுகிறவர்கள் உண்டு. பல ஆண்டுகள் மூலையில் கிடந்த கணினியின் மதர்போர்டில் உள்ள நாணய வடிவ பேட்டரி தீர்ந்துபோயிருக்கும். மின்சாரத்தைத் துண்டித்து மீண்டும் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். அந்தத் தேதிப்படி பார்த்தால் இணையதளங்களின் சான்றிதழ்கள் எல்லாம் இன்னும் பிறக்கவே இல்லாதவை. அதனால் எந்த உலாவியும் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்றே சொல்லும். திரையின் வலது கீழ்மூலையில் உள்ள தேதியைப் பார்ப்பதுதான் முதல் வேலை. சிஆர்2032 என்று குறிக்கப்பட்ட அந்த பேட்டரியை மாற்றுவது இரண்டாவது. தேதி சரியாக இருந்தும் சான்றிதழ்ப் பிழை வருமானால், மற்றச் சான்றிதழ்களை நம்புவதற்கு அடிப்படையாக இயங்குதளத்திலுள்ள மூலச்சான்றுகள் பழையவை என்று பொருள். தளங்களுக்குச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் சார்ந்திருந்த பழைய மூலச்சான்று 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானபோது, புதியது இல்லாத இயந்திரங்களில் எண்ணற்ற தளங்கள் ஒரே நாளில் திறக்காமல் போனது அப்படித்தான்.

காணாமல் போன ஒரு டிஎல்எல் கோப்பைத் தேடி ஓடுவது

டிஎல்எல் என்பது பல நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் செயற்கூறுகளின் கோப்பு. எக்ஸ்பியில் சற்றே புதிய மென்பொருளைத் திறந்தால், 'கெட்டிக்கவுண்ட்64 என்ற நுழைவுப் புள்ளி கெர்னல்32.டிஎல்எல் கோப்பில் இல்லை' என்ற பொருளில் ஒரு சிறு பெட்டி தோன்றும். கணினி தொடங்கி எத்தனை மில்லிவிநாடி ஆயிற்று என்று சொல்லும் செயற்கூறு அது. விஸ்டாவில்தான் முதலில் சேர்க்கப்பட்டது. செய்தியை அப்படியே தேடுபொறியில் போட்டால், டிஎல்எல் கோப்புகளைத் தனித்தனியே தரும் தளங்கள் வரிசையாக வந்து நிற்கும். அங்கிருந்து எடுத்த கோப்பை, அல்லது ஒரு விண்டோஸ் 7 கணினியிலிருந்து நகலெடுத்த கோப்பை, எக்ஸ்பியின் கோப்புக் காப்பையும் மீறிச் சிஸ்டம்32 அடைவில் போட்டுவிட்டால், அடுத்த முறை கணினி தொடங்காது. கெர்னல்32 தனித்து நிற்கும் கோப்பன்று. அது என்டிடிஎல்எல் கோப்பையும், அதற்கும் கீழே இயங்குதளத்தின் மையமான அதே பதிப்புக் கெர்னலையும் எதிர்பார்க்கிறது. ஒன்றை மட்டும் மாற்றினால் சங்கிலி அறுந்துபோகும்.

இந்தச் சங்கிலியை ஒழுங்காக நீட்டிக்கத்தான் சமூகத் திட்டங்கள் இருக்கின்றன. அவற்றுள் இரண்டு வழிகள் உண்டு என்பதை அறியாமல் ஏதோ ஒன்றை நிறுவுவது அடுத்த தவறு. ஒன்-கோர்-ஏபிஐ, விஸ்டாவுக்கான நீட்டித்த கெர்னல் போன்றவை இயங்குதளத்தின் சொந்தக் கோப்புகளையே மாற்றுகின்றன. அதன் விளைவு எல்லா மென்பொருளுக்கும் பொதுவானது, கெட்டாலும் எல்லாவற்றுக்கும் பொதுவாகக் கெடும். விஎக்ஸ்கெக்ஸ் அப்படியில்லை. ஒரு நிரல் கோப்பின் பண்புகள் பெட்டியைத் திறந்தால் விஎக்ஸ்கெக்ஸ் என்றொரு தனித் தாவல் இருக்கும். அங்கே குறியிட்ட நிரலுக்கு மட்டும் விண்டோஸ் 8 அல்லது 10இல் வந்த செயற்கூறுகள் கிடைக்கும், மற்றவை பழையபடியே ஓடும். ஒரு மென்பொருளை மட்டும் ஓட்ட வேண்டும் என்பதற்காக இயங்குதளம் முழுவதையும் அறுவைக்கு உட்படுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டாவது வழி கிடைக்கும் இடத்தில் அதைத் தேர்ந்தெடுங்கள். அதற்கும் முன்பாக, அந்த மென்பொருளின் பழைய பதிப்பு ஒன்று மாற்றமேதுமின்றி ஓடுமா என்று பாருங்கள். விஎல்சி 3.0 எக்ஸ்பியிலேயே ஓடுகிறது, பைத்தான் 3.8 விண்டோஸ் 7இல் ஓடுகிறது. தேவை அவ்வளவில் தீர்ந்துபோனால் எதையும் திருத்த வேண்டியதே இல்லை.

நிறுவும் வரிசையும் இதோடு சேர்ந்ததுதான். அதிகாரப்பூர்வ அப்டேட்டுகள் கணினிக் கோப்புகளைத் தம் சொந்தப் பதிப்புகளால் மாற்றி எழுதக்கூடியவை என்பதால், முதலில் சர்வீஸ் பேக் (அப்டேட்டுகளின் பெருந்தொகுப்பு), பின்னர் அப்டேட்டுகள், கடைசியில் மட்டுமே சமூகத் திருத்தங்கள் என்று போக வேண்டும். தலைகீழாகச் செய்தால் பாதி திருத்தப்பட்ட, பாதி மீட்கப்பட்ட கலவை ஒன்று மிஞ்சும். விண்டோஸ் 7இல் இன்னொரு நுணுக்கம்: 2019இன் பிற்பகுதியிலிருந்து வந்த அப்டேட்டுகள் மைக்ரோசாஃப்ட் தந்ததுதான் என்று காட்ட எஸ்எச்ஏ-2 வகைக் கையொப்பம் மட்டும் கொண்டவை. புதிதாக நிறுவிய விண்டோஸ் 7க்கு அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்கவே தெரியாது. கேபி4490628, கேபி4474419 ஆகிய இரண்டு அப்டேட்டுகளையும் முதலில் கையால் நிறுவிய பிறகே மற்றவை ஏறும். அப்டேட் சேவையே பழைய விண்டோஸில் வேலை செய்யவில்லையென்றால், லெகஸி அப்டேட் என்ற திறந்த மூலத் திட்டம் அந்த வழியை மீண்டும் திறந்துவிடுகிறது. மைக்ரோசாஃப்ட் ஏற்கனவே வெளியிட்ட பேட்சுகளை அது எடுத்துத் தருமே தவிரப் புதிதாக எதையும் எழுதித் தராது என்பதையும் நினைவில் கொள்க.

யாரோ இளைக்கவைத்த விண்டோஸை அப்படியே நிறுவுவது

'லைட்', 'சூப்பர் லைட்' என்ற பின்னொட்டுகளோடு கிடைக்கும் ஆயத்த ஐஎஸ்ஓ கோப்புகள் (நிறுவல் வட்டின் முழுப் படிகள்), 2 ஜிபி நினைவகம் உள்ள கணினியிலும் வேகமாக ஓடும் என்பது பல நேரம் உண்மைதான். அந்த வேகம் எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி. விண்டோஸ் அப்டேட்டும், அதன் சொந்த ஆன்ட்டிவைரஸான டிஃபெண்டரும், சிலவற்றில் நிர்வாகி அனுமதி கேட்கும் அறிவிப்பும்கூட நீக்கப்பட்டிருக்கும். கூடவே என்ன சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதை நிறுவுகிறவரால் கண்டுபிடிக்கவே முடியாது; உரிமம் முன்பே செயற்படுத்தப்பட்டதாக வரும் ஐஎஸ்ஓவை எடுத்தால் உரிம மீறலும் சேர்ந்துகொள்கிறது. திருத்திய உலாவி ஒன்று கெட்டதாக இருந்தால் அதை நீக்கிவிடலாம். இயங்குதளமே சந்தேகத்துக்குரியதாக இருக்கும்போது அதன் மேல் ஓடும் எந்த ஆன்ட்டிவைரஸின் சொல்லையும் நம்புவதற்கில்லை.

எடை குறைந்த விண்டோஸ்தான் வேண்டுமென்றால், அதை உங்கள் கையால் குறையுங்கள். டைனி11 பில்டர் என்பது யாரும் திறந்து படிக்கக்கூடிய பவர்ஷெல் நிரல். மைக்ரோசாஃப்ட் தரும் ஐஎஸ்ஓவை நீங்களே கொடுத்தால், எதை நீக்குகிறது என்று சொல்லிக்கொண்டே நீக்கித் தரும். அதிலேயே 'கோர்' என்ற இன்னொரு வகை உண்டு. அளவு மேலும் சிறியது, ஆனால் அதில் பின்னர் அப்டேட்டுகளை ஏற்ற முடியாது. சோதனைக்கென்று சொல்லித் தரப்படும் அதை அன்றாடக் கணினியில் நிறுவிவிட்டு அப்டேட் வரவில்லை என்று குறைபட்டுக்கொள்வதில் பொருளில்லை. வன்பொருளின் எல்லையையும் முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது. டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லு இருக்கிறதா என்ற சோதனையைத் தாண்டிச் செல்லும் வழிகள் இருந்தாலும், விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு எஸ்எஸ்இ4.2 கட்டளைகள் இல்லாத ப்ராசஸரில் தொடங்கவே தொடங்காது; கோர் 2 டுவோ காலத்துக் கணினிகளுக்கு அந்தக் கதவு மூடியாகிவிட்டது. அதற்கும் முந்தைய பென்டியம் 3, அத்லான் எக்ஸ்பி ஆகியவற்றில் எஸ்எஸ்இ2கூட இல்லாததால், திருத்திய உலாவிகளிலும் பெரும்பாலானவை அவற்றில் ஓடா.

எங்கிருந்து வந்தது என்று பாராமல் இறக்குவது

நல்ல திட்டத்தின் பெயரிலேயே போலிப் பக்கங்கள் இருக்கும். மூலநிரல் வைக்கப்பட்டிருக்கும் இடத்திலிருந்தே கோப்பையும் எடுக்க வேண்டும். அங்கே கோப்பின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ-256 எண் தரப்பட்டிருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எக்ஸ்பியிலும் ஓடும் 7-ஜிப்பை நிறுவியிருந்தால், கோப்பின் மேல் வலச்சொடுக்கு செய்தாலே அந்த எண்ணைக் கணக்கிடும் பட்டியல் வரும்.

'ஆன்ட்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவவும்' என்ற குறிப்பு வந்தால் சற்று நிதானிக்க வேண்டும். மற்ற நிரல்களுக்குள் புகுந்து செயற்கூறுகளைச் சேர்ப்பது இத்தகைய கருவிகளின் வேலையாதலால், அவற்றைத் தீநிரல் என்று ஆன்ட்டிவைரஸ் தவறாக எண்ணுவதும் நடக்கும். உண்மையான தீநிரலை ஒளித்துவைத்தவரும் இதே குறிப்பைத்தான் எழுதுவார். பல ஆன்ட்டிவைரஸ்களால் ஒருசேரச் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் கோப்பை ஏற்றிப் பார்த்தால், பொதுப்பெயரில் ஓரிரண்டு எச்சரிக்கைகள் மட்டும் வருகின்றனவா, பெயர் பெற்ற பல நிறுவனங்களும் ஒரே குறிப்பிட்ட தீநிரலின் பெயரைச் சொல்கின்றனவா என்பது தெரியும். இரண்டாவது என்றால் அதோடு விட்டுவிடுவதே நல்லது. டிரைவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கணினியை அலசி விளம்பரங்களோடு டிரைவர் தரும் கருவிகளை விட, திறந்த மூல ஸ்னாப்பி டிரைவர் இன்ஸ்டாலர் ஆரிஜின் எவ்வளவோ மேல்.

திரும்பி வரும் வழியை வைத்துக்கொள்ளாதது

விண்டோஸின் மறுசீரமைப்புப் புள்ளி ஒன்று இருக்கிறதே என்ற துணிவில் கெர்னலைத் தொடுகிறவர்கள், எக்ஸ்பியில் விண்டோஸ் ஓரளவாவது எழுந்து நின்றால்தான் அந்தப் புள்ளிக்கும் போக முடியும் என்பதை மறந்துவிடுகிறார்கள். க்ளோன்ஸில்லா போன்ற கருவியைப் பென் டிரைவிலிருந்து தொடங்கி, வட்டு முழுவதையும் அப்படியே வெளி வன்தட்டில் படியெடுத்து வைத்தால், என்ன ஆனாலும் தொடங்கிய நிலைக்கு வந்துவிடலாம். எக்ஸ்பியில் ஒரேயடியாக நான்கைந்து திருத்தங்களை நிறுவிவிட்டு நீலத்திரை வந்ததும், எதனால் வந்தது என்று தெரியாமல் விழிப்பதைவிட, ஒன்றை நிறுவி, மறுதொடக்கம் செய்து, சில நாள் பயன்படுத்திப் பார்த்து, பிறகு அடுத்ததைத் தொடுவது மெதுவானதாயினும் குறைந்த நேரத்தையே தின்னும்.

இத்திட்டங்கள் பெரும்பாலும் ஒருவர் அல்லது இருவரின் ஓய்வு நேரத்தில் ஓடுபவை. ஒரு நாள் நின்றுபோகலாம், பக்கமே காணாமல் போகலாம். நிறுவுவதற்கு முன் கடைசி வெளியீடு எப்போது வந்தது என்று பாருங்கள். உலாவியாக இருந்தால் பல மாதங்களாகப் புதுப்பிக்கப்படாத ஒன்றைத் தவிர்த்துவிடுங்கள். வேலை செய்கிறது என்று உறுதியான பதிப்பின் நிறுவல் கோப்பையும், அதன் எஸ்எச்ஏ-256 எண்ணையும், எந்த அப்டேட்டுக்குப் பின் எதை நிறுவினீர்கள் என்ற குறிப்பையும் அந்த வட்டுப் படியோடு சேர்த்தே வெளி வன்தட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.