இரண்டு அளவீடுகளுக்கு நடுவே என்ன இருக்கிறது? அறிவியல் தரவுக்கு வரைபடம் போடும் முறை

கடலூர் தேவனாம்பட்டினம் பக்கத்தில் எட்டுக் கிணறுகளின் தண்ணீரில் மின்கடத்துதிறனை (உப்பு கூடக் கூட இந்த எண்ணும் கூடும்) அளந்து, அறிவியல் கண்காட்சிக்குச் செயல்திட்டம் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நோட்டில் எட்டு எண்கள் இருக்கின்றன. பட்டை வரைபடமா, கோடா, வட்டமா? எது பார்க்க அழகாக இருக்கிறது என்று தேர்ந்தெடுப்பதால்தான் பாதிப் படங்கள் கெடுகின்றன. கேட்க வேண்டியது ஒன்றுதான்: பக்கத்துப் பக்கத்து அளவீடுகள் இரண்டுக்கும் நடுவே ஏதாவது இருக்கிறதா?

முதல் கிணற்றுக்கும் இரண்டாம் கிணற்றுக்கும் நடுவே ஒன்றரையாவது கிணறு கிடையாது. ஆகவே கிடை அச்சில் கிணற்றின் பெயர் வந்தால் பட்டைதான். ஆனால் ஒவ்வொரு கிணறும் கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து, அந்தத் தூரத்தைக் கிடை அச்சில் வையுங்கள். 2 கி.மீ.க்கும் 3 கி.மீ.க்கும் நடுவே 2.5 கி.மீ. உண்டு. இப்போது அதே எண்களுக்குச் சிதறல் படம், அதாவது ஒவ்வோர் அளவீட்டையும் தனிக் குறியாகப் போடும் படம், பொருந்தும். எந்தக் கிணற்றுத் தண்ணீர் அதிகம் கரிக்கிறது என்பதைப் பட்டை சொல்லும். கடலை விட்டு விலக விலக உப்பு குறைகிறதா என்பதைச் சிதறல் படம்தான் சொல்லும். திறந்த கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும் ஒரே குறியில் போடாதீர்கள். ஒன்றுக்கு வட்டம், மற்றதற்கு முக்கோணம் போட்டால் ஆழத்தால் வந்த வேறுபாடு தூரத்தால் வந்ததைப் போலத் தோன்றாது.

மாத மழையளவுக்குப் பட்டை. அது அந்த மாதம் முழுக்கப் பெய்ததன் மொத்தம். அக்டோபர் பட்டைக்கும் நவம்பர் பட்டைக்கும் நடுவே தனியாக ஒரு மழை இல்லை. மணிக்கு மணி எடுத்த வெப்பநிலைக்குக் கோடு: இரண்டு மணிகளுக்கு நடுவிலும் வெப்பநிலை உண்டு.

கோடு போடுவதில் ஓர் ஆபத்து உண்டு. உப்பனாற்று முகத்துவாரத்தில் தினமும் காலை 7 மணிக்கு நீர்மட்டத்தைக் குறித்து, புள்ளிகளை இணைத்தால் ஏறக்குறைய 15 நாளுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அழகான அலை கிடைக்கும். அப்படி ஓர் அலை கடலில் இல்லாவிட்டாலும் அது உங்கள் தாளில் வரும்! நம் கரையில் ஓர் உயர் ஓதத்துக்கும் (கடல்மட்டம் ஏறி உச்சம் தொடுவது) அடுத்ததற்கும் இடைவெளி சுமார் 12 மணி 25 நிமிடம். நாளுக்கு ஒரு தடவை மட்டும் பார்த்தால், நடுவே நடந்த ஏற்றமும் வற்றமும் நோட்டில் ஏறவே இல்லை. மணிக்கு ஒரு தடவை அளந்த பிறகே கோடு போடுங்கள்.

கடற்கரையில் பொறுக்கிய 50 மட்டி ஓடுகளின் நீளம் போன்ற தரவுக்கு நிகழ்வுச் செவ்வகப் படம் (ஹிஸ்டோகிராம்): நீளங்களைப் பிரிவுகளாக்கி, ஒவ்வொன்றிலும் எத்தனை ஓடுகள் என்று பட்டையாக வரைவது. 7 பிரிவுகள் வரை வைக்கலாம். பட்டைகளுக்கு நடுவே இடைவெளி விடக் கூடாது. 20–25 மி.மீ. முடியும் இடத்திலேயே அடுத்தது தொடங்குகிறது. சரியாக 25 மி.மீ. வந்தால் எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். வட்டப் படம் ஒரு முழுமையின் பங்குகளுக்கு மட்டும்: 1 சதவீதத்துக்கு 3.6 பாகை.

இனி அளவுத்திட்டம். கிராஃப் தாளின் கட்டப்பகுதி 18 செ.மீ. அகலம், 24 செ.மீ. உயரம் என்று கொள்வோம். அதிகபட்சத் தூரம் 7.4 கி.மீ. என்றால் 7.4-ஐ 18-ஆல் வகுத்தால் 0.41. அதை மேல்நோக்கி முழுமையாக்கி 1 செ.மீ. = 0.5 கி.மீ. என்று வையுங்கள். மின்கடத்துதிறன் 4,300 வரை போனால் 24-ஆல் வகுக்க 179, 1 செ.மீ. = 200. ஒரு சிறு கட்டம் 20. எப்போதும் 1, 2, 5 அல்லது அவற்றின் பத்து, நூறு மடங்கு. 1 செ.மீ. = 300 என்று வைத்தால் 2,450-ஐக் குறிக்க எட்டு செ.மீ. தாண்டி 1.67 சிறு கட்டம் தேட வேண்டும். தவறு அங்கேதான் நுழைகிறது.

பட்டை வரைபடத்தின் அச்சு பூச்சியத்தில் தொடங்கியே தீர வேண்டும். அங்கே பட்டையின் நீளம்தான் அளவு. 1,800-இல் தொடங்கினால், 2,000 உள்ள கிணறு 1,900 உள்ளதைவிட இரு மடங்கு உப்பு போலத் தெரியும். சிதறல் படத்துக்கும் கோட்டுக்கும் இந்தக் கட்டாயம் இல்லை. தரையிலிருந்து நீர்மட்டம் எத்தனை மீட்டர் கீழே என்று வரையும்போது, பூச்சியத்தை மேலே வைத்து எண்களைக் கீழ்நோக்கி ஓட்டுங்கள். மழை பெய்து நீர் ஏறினால் படத்திலும் கோடு ஏறும்.

பென்சிலைக் கூராகச் சீவி, புள்ளிக்குப் பதில் சிறு பெருக்கல் குறி போடுங்கள். தடித்த புள்ளி ஒன்றே இரண்டு சிறு கட்டத்தை விழுங்கிவிடும். அச்சில் பெயரோடு அலகும் வேண்டும்: ‘தூரம் (கி.மீ.)’. சிதறல் படத்தில் குறிகளை ஒன்றோடொன்று இணைக்கக் கூடாது. அவை ஏறக்குறைய நேராகப் போனால், கண்ணாடி போன்ற ஸ்கேலை வைத்து, குறிகள் இருபுறமும் சமமாகப் பரவும்படி ஒரே நேர்கோடு இழுங்கள். ஆதிப்புள்ளி (இரு அச்சிலும் பூச்சியம்) வழியாகப் போகட்டும் என்று வளைக்காதீர்கள்.

ஒரு குறி மட்டும் எங்கோ விலகி நின்றால் அழிக்காதீர்கள். வட்டமிட்டு, அந்தத் தண்ணீரை மறுபடி அளந்து பாருங்கள். மீட்டர் முனையை முந்தைய மாதிரிக்குப் பின் வாலைவடிநீரில் (காய்ச்சி வடித்த நீர்) கழுவாமல் விட்டிருக்கலாம். வெயிலில் பாட்டில் சூடாகியிருக்கலாம்: வெப்பநிலை 1 பாகை செல்சியஸ் ஏறினால் மின்கடத்துதிறன் சுமார் 2 சதவீதம் ஏறும். 25 பாகைக்குத் தானே திருத்தாத மீட்டரில், 35 பாகைத் தண்ணீர் ஏறக்குறைய 20 சதவீதம் கூடுதலாகக் காட்டும்.

எக்செலில் வரைபவர்கள் ‘லைன்’ படத்தைத் தேர்ந்தெடுத்தால், 0.5, 1, 3, 7 கி.மீ. ஆகிய நான்கும் சம இடைவெளியில் வந்து நிற்கும். தூரத்தை அது வெறும் பெயராகவே எடுத்துக்கொள்கிறது. ‘ஸ்கேட்டர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதிலும் வளைகோட்டால் இணைக்கும் வகை வேண்டாம். எந்தக் கிணற்றிலும் அளக்காத உச்சத்தை அந்த வளைவு இரண்டு குறிகளுக்கு நடுவே கொண்டுவந்துவிடும்.