மனநலக் கட்டுரையைக் கூடி வாசிப்பது எப்படி

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிளை நூலகத்தில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பழைய வார இதழ்களைக் கட்டிவைக்கும்போது ஒவ்வொரு தடவையும் ஒன்றைக் கவனிப்பேன். யாரோ வெட்டிக்கொண்டு போன பக்கங்கள் பெரும்பாலும் மருத்துவக் கேள்வி பதில் பக்கங்களாகத்தான் இருக்கும். அதிலும் தூக்கம் வரவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, வீட்டுக்காரர் யாரோடும் பேசுவதில்லை என்கிற மாதிரிக் கேள்விகள். பிளேடால் அளவெடுத்த மாதிரி வெட்டியிருப்பார்கள். நூல்களைச் சேதப்படுத்தினால் அபராதம் என்று பலகை எழுதி மாட்டியவள் நான்தான். ஆனாலும் அந்தப் பக்கங்களுக்காக ஒருவரையும் நான் கேட்டதில்லை. வீட்டில் வாய்திறந்து கேட்க முடியாத ஒன்றுக்கு அச்சில் பதில் கிடைத்திருக்கிறது, எடுத்துப் போயிருக்கிறார்கள்.

2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். அதற்கப்புறம் வந்த இதழ்களை நூலகத்தில் ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கிப் படித்தது நினைவிருக்கிறது. அதுவரை ‘காத்து கருப்பு’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் ‘மனநோய்’ என்று சத்தமாகச் சொன்னதை அந்த மேசையில்தான் முதலில் கேட்டேன். அந்தச் சொல்லைக் கொடுத்தவை பத்திரிகைகள். கொடுத்த சொல்லைப் பத்திரமாகப் புழங்க நாமும் பழக வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் எங்கள் வாசகர் வட்டத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தக் கட்டுரைகளைக் கூடி வாசிக்கிறோம். உங்கள் ஊரில் தொடங்க நினைப்பவர்களுக்காக எங்கள் முறையை எழுதுகிறேன்.

இடம் முக்கியம். நூலகத்துக்குள் வேண்டாம், அங்கே எல்லாருக்கும் குரல் தானாக இறங்கிவிடும். பள்ளத்தூரில் ஓர் ஆச்சி தன் வீட்டை எங்களுக்குத் திறந்துவிடுகிறார். உள்ளே வளவில் உட்காரச் சொன்னார். நான் முகப்பே போதும் என்றேன். முகப்பு என்றால் தெருவோடு போகிறவரும் கூச்சமில்லாமல் வந்து உட்காரலாம், மனசு தாங்காவிட்டால் யாரிடமும் சொல்லாமல் எழுந்து போகலாம். பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்காதீர்கள்.

கட்டுரை இரண்டு பக்கத்துக்குள் இருக்கட்டும். சத்தமாக வாசித்தால் கால் மணி நேரத்தில் முடிய வேண்டும். தற்கொலையை விவரித்து எழுதியவற்றைத் தொடாதீர்கள். ‘மகிழ்ச்சிக்கு ஏழு வழிகள்’ போன்றவற்றை நான் எடுப்பதில்லை, பேச அதில் பிடிமானம் இருக்காது. ஏதாவது ஓர் ஆய்வைச் சொல்லும் கட்டுரைதான் நல்லது.

ஆளுக்கு ஒரு பத்தி வாசிக்கட்டும். கையில் பென்சில் இருக்கட்டும். ஆங்கிலச் சொல் வந்தால் நிறுத்தி, நம் வீட்டில் இதை எப்படிச் சொல்வோம் என்று கேளுங்கள். இதில் அவசரப்படவே கூடாது. ஒருமுறை ‘ஆங்ஸைட்டி’ என்று வந்தது. யாரும் பேசவில்லை. வீட்டுக்கார ஆச்சிதான், “நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், கையும் ஓடாது காலும் ஓடாது, அதானே?” என்றார். அப்புறம் அரை மணி நேரம் ஒவ்வொருவரும் தனக்கு எப்போது அப்படி வரும் என்று சொன்னார்கள். அன்றைக்குக் கட்டுரையின் பாதியைத் தாண்டவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

வாசித்து முடித்ததும் முதல் கேள்வி: யாரை வைத்துச் செய்தார்கள், எத்தனை பேரை வைத்து? ஓர் உதாரணம் சொல்கிறேன். 1967 மே மாதம் அமெரிக்காவில் தொடங்கிய ‘சைக்காலஜி டுடே’ என்ற பத்திரிகைதான் மனவியல் ஆராய்ச்சியைக் கடையில் வாங்கிப் படிக்கிற விஷயமாக்கியதில் பெரிய பங்கு வகித்தது. அதன் முதல் இதழிலேயே ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியலாளர் ‘சின்ன உலகம்’ பற்றி எழுதினார். அவருடைய சோதனை இது: அமெரிக்காவின் நடுவில் நெப்ராஸ்காவில் இருப்பவர், கிழக்குக் கரையில் பாஸ்டன் பக்கம் இருக்கும் முன்பின் தெரியாத ஒருவருக்கு, தெரிந்தவர் கைமாற்றி ஒரு கட்டுக் காகிதத்தைச் சேர்க்க வேண்டும். இடையில் ஐந்து பேர் அளவில் போதுமாக இருந்தது. இதைச் சொன்னதும் எங்கள் வட்டத்தில் எல்லார் முகமும் மலர்ந்துவிட்டது. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன ஊர்க்காரர்கள். பங்காளி, சம்பந்தி, கோயில் பிரிவு என்று விசாரித்தால் எந்த வீட்டுக்கும் தகவல் போய்விடும். சரி, அனுப்பியது எத்தனை, போய்ச் சேர்ந்தது எத்தனை என்று கேட்கச் சொன்னேன். 160 அனுப்பினார்கள், 44தான் சேர்ந்தன. ஐந்து பேர் என்ற கணக்கு அந்த 44-ஐ வைத்து வந்தது. இந்தக் கேள்வியைக் கேட்கப் பழகிவிட்டால் எந்தக் கட்டுரையும் நம்மை மிரட்டாது.

இரண்டாவது கேள்வி: வேறு காரணம் இருக்குமா? இதை நான் ஒரு தாயிடமிருந்து கற்றுக்கொண்டேன். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர் குழந்தைகளை வைத்துச் செய்த சோதனையைப் பற்றி ஒரு பத்திரிகையில் படித்திருக்கிறார். இனிப்பை உடனே தின்னாமல் காத்திருந்தால் இரண்டாவது கிடைக்கும். காத்திருந்த பிள்ளைகள் பின்னாளில் நன்றாக வந்தார்கள் என்று எழுதியிருந்தது. வீட்டில் ஐந்து வயது மகன் முன்னால் தட்டில் ஒரு மாவுருண்டையை வைத்துவிட்டு, “பத்து நிமிஷம் பொறு, இன்னொண்ணு தர்றேன்” என்று சொல்லியிருக்கிறார். அவர் அடுப்படிக்குப் போய்த் திரும்புவதற்குள் தட்டில் பாசிப்பருப்பு மாவுத் தூள்தான் கிடந்தது. பையன் உதட்டிலும் அதே தூள். வட்டத்தில் இதைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஏன்டா என்று கேட்டதற்கு மகன் சொன்னானாம்: “அப்பாவும் அடுத்த மாசம் வர்றேன்னு சொல்லிக்கிட்டேதான் இருக்காங்க.” கணவர் மலேசியாவில் வேலையில் இருந்தார்.

அவன் சொன்னதற்கும் ஆய்வு உண்டு. அமெரிக்காவில் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலெஸ்ட் கிட் என்பவரும் சக ஆய்வாளர்களும் 28 குழந்தைகளை வைத்துச் செய்தார்கள். இனிப்பை வைப்பதற்கு முன் பாதிப் பேரிடம் ஒரு வாக்குக் கொடுத்து அதை மீறினார்கள். அந்தக் குழந்தைகள் சராசரியாக மூன்று நிமிஷம்தான் பொறுத்தார்கள். வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் பன்னிரண்டு நிமிஷம் பொறுத்தார்கள். 2018-இல் 900-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விவரத்தை வைத்துப் பார்த்தபோது, குடும்பச் சூழலையும் கணக்கில் எடுத்ததும் மிஷெல் சொன்ன தொடர்பு பெருமளவு சுருங்கிவிட்டது. இதையெல்லாம் அந்தத் தாய்க்கு நான் அடுத்த மாதம்தான் சொல்ல முடிந்தது. ஒரு மாதம் முழுக்க அவர் மகனைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார் என்பது இன்றைக்கும் எனக்கு உறுத்தல். அதனால், ஏற்பாடு செய்பவர் கட்டுரையை ஒரு வாரம் முன்பே படித்து, அதற்கு மாறான ஆய்வு வந்திருக்கிறதா என்று தேடிவிட்டு வாருங்கள்.

‘நீங்கள் எப்படிப்பட்டவர்?’ என்று மதிப்பெண் போடும் பக்கங்களுக்கு ஒரு தனி ஞாயிறு ஒதுக்குங்கள். 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்து, அவரவர் குணத்தை எழுதியது என்று சொல்லி ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார். அது தனக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று மதிப்பெண் கேட்டதற்கு, ஐந்துக்குச் சராசரியாக 4.26 போட்டார்கள். எல்லாத் தாளிலும் ஒரே வாசகம். அதைப் பெரும்பாலும் ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். நாங்களும் செய்தோம். ‘வெளியே தைரியமாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் தயக்கம் உண்டு’ என்பது போல எட்டு வரி, மடித்த உறைக்குள். எல்லாரும் நாலு, அஞ்சு என்று போட்ட பிறகு, பக்கத்தில் இருப்பவரோடு தாளை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். விளக்கம் எதுவும் தேவைப்படாது.

ஒரு விதியை மட்டும் தளர்த்தாதீர்கள். பத்திரிகையில் படித்த சொல்லைத் தன்னைப் பற்றிச் சொல்லலாம், அங்கே இல்லாதவர் மேல் ஒட்டக் கூடாது. “எங்க மாமியார் ஒரு நார்சிசிஸ்ட்” என்று, தன்னையே பெரிதாக நினைப்பவர் என்ற பொருளில், ஒரு பெண் தொடங்கினார். அந்தச் சொல்லை ஓரமாக வைத்துவிட்டு, அவர் என்ன செய்தார் என்று மட்டும் சொல்லம்மா என்றோம். சொன்னார். கேட்டவர்களுக்கு மாமியாரும் புரிந்தார், அந்தப் பெண் படுகிற பாடும் புரிந்தது.

கூட்டம் கலையும்போது நீங்கள் முதலில் கிளம்பாதீர்கள். பாயைச் சுருட்ட உதவுகிற சாக்கில் யாராவது ஒருவர் நிற்பார். அவர் சொல்வதைக் கேளுங்கள், நீங்களே வைத்தியம் சொல்லாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணைத் தாளில் எழுதிக் கொடுங்கள். அது அரசின் இலவச மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். நேரில் பார்க்க வேண்டுமென்றால் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு எந்த நாளில் என்று விசாரித்து, தேவைப்பட்டால் கூடவே போங்கள்.

பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் புத்தகங்களோடு பழைய பத்திரிகைகளையும் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். 1994-இல் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகமே உருவானது. அவர் ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதழை வெட்ட விட முடியுமா? வாசித்த கட்டுரையை இருபது ஜெராக்ஸ் எடுத்து, கீழே 14416 என்று எழுதி, முகப்புத் திண்ணையில் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறோம், மேலே ஒரு கல்லை வைத்து. எடுப்பவர் யார் என்று நாங்கள் பார்ப்பதில்லை. சாயங்காலம் போய்ப் பார்த்தால் கல் மட்டும்தான் இருக்கும்.