லினக்ஸ் டெஸ்க்டாப்புக்கு வைஃபை அடாப்டர்: பெட்டியை விடுங்கள், சிப்பைப் பாருங்கள்

'லினக்ஸில் இயங்கும்' என்று பெட்டியில் போட்டிருந்ததை நம்பி ஒருமுறை அடாப்டர் வாங்கினேன். உள்ளே ஒரு சிடி, அதில் எந்தக் காலத்திலோ எழுதிய டிரைவரின் சோர்ஸ் கோடு. என் கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) அது கம்பைல் ஆகவே இல்லை. அன்றிலிருந்து உள்ளே இருக்கும் சிப் எது என்று தெரியாமல் எதையும் வாங்குவதில்லை.

படி 1: கெர்னல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்

டெர்மினலில் 'யுனேம் -ஆர்' (uname -r) கொடுத்தால் வந்துவிடும். லினக்ஸில் வைஃபை டிரைவர்கள் பெரும்பாலும் கெர்னலோடு சேர்ந்தே வருகின்றன. அதனால் சிப் புதியதாகவும் கெர்னல் பழையதாகவும் இருந்தால் அடாப்டர் சும்மா கிடக்கும்.

படி 2: உள்ளே பொருத்துவதா, வெளியே செருகுவதா?

கேபினெட்டைத் திறக்கப் பயமில்லை என்றால் மதர்போர்டு ஸ்லாட்டில் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டுதான் என் தேர்வு. சிறிய எக்ஸ்1 ஸ்லாட்டை கிராபிக்ஸ் கார்டு மறைத்திருந்தால் கவலை வேண்டாம், காலியான நீள ஸ்லாட்டிலும் அது உட்காரும். ஒன்றை மட்டும் பலர் மறந்துவிடுகிறார்கள்: இந்தக் கார்டுகளில் புளூடூத் பெரும்பாலும் யூஎஸ்பி வழியாகத்தான் வேலை செய்யும். கூட வரும் சின்ன கேபிளை மதர்போர்டின் யூஎஸ்பி பின்களில் செருகாவிட்டால் வைஃபை வரும், புளூடூத் வராது.

யூஎஸ்பி அடாப்டர் என்றால் நகம் அளவு உள்ளதைத் தவிருங்கள். இரும்புப் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் சிக்னல் எப்படிக் கிடைக்கும்? யூஎஸ்பி 3 போர்ட்டுகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலும் கிளப்பும். ஒரு நீட்டிப்பு கேபிள் போட்டு மேசை மேல் வைத்தாலே நிலைமை மாறும்.

படி 3: சிப்பைத் தேர்ந்தெடுங்கள்

கார்டு என்றால் இன்டெல் ஏஎக்ஸ்200 (வைஃபை 6, கெர்னல் 5.1 முதல்) அல்லது ஏஎக்ஸ்210 (வைஃபை 6ஈ, கெர்னல் 5.10 முதல்). பெயரைப் பார்த்து ஏமாந்து ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 வாங்கிவிடாதீர்கள். அவற்றின் பாதி வேலையை இன்டெல் சிப்செட்டே செய்கிறது. சாதாரண ஸ்லாட்டில் அவை இயங்காது.

யூஎஸ்பியில் மீடியாடெக் எம்டி7612யூ (கெர்னல் 4.19 முதல்), வைஃபை 6 வேண்டுமென்றால் எம்டி7921ஏயூ (5.18 முதல்). ரியல்டெக் சிப்புகள் பலவற்றுக்கு இப்போது கெர்னலிலேயே டிரைவர் உண்டு. ஆனால் பழைய கெர்னலில் டிரைவரைத் தனியே நிறுவ வேண்டியிருக்கும். கெர்னல் அப்டேட் வரும்போதெல்லாம் அது உடையலாம், செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்க விடும் பாதுகாப்பு வசதி) வேறு டிரைவருக்கு டிஜிட்டல் கையொப்பம் கேட்கும்.

படி 4: வெர்ஷனைச் சரிபாருங்கள்

இதுதான் பெரிய பொறி. டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் என்ற பிரபல அடாப்டரின் முதல் வெர்ஷனில் ஏதெராஸ் சிப், இரண்டாவதில் ரியல்டெக். பெயர் அதேதான், டிரைவர் வேறு. மாடலோடு வெர்ஷன் எண்ணையும் சேர்த்துத் தேடுங்கள். திருப்பித் தரும் வசதி உள்ள இடத்தில் வாங்குவது இன்னும் நல்லது.

படி 5: செருகிப் பாருங்கள்

'எல்எஸ்யூஎஸ்பி' (lsusb) கட்டளை, கார்டுக்கு 'எல்எஸ்பிசிஐ' (lspci), சிப்பைக் காட்டிக்கொடுக்கும். சிப் தெரிகிறது, வைஃபை மட்டும் இல்லையா? 'டிமெசேஜ்' (dmesg) கட்டளை காட்டும் பட்டியலில் ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஏற்றப்படும் சிறு மென்பொருள்) கிடைக்கவில்லை என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஃபர்ம்வேர் பேக்கேஜைப் புதுப்பியுங்கள். அதற்கே இணையம் வேண்டுமே என்றால், மொபைலை கேபிளில் இணைத்து, அதன் இணையத்தைக் கணினிக்குத் தரும் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள், போதும்.