கருந்தொண்டைச் சில்லையை மலையில எப்படித் தேடிப் பார்க்கறது

மலைக்கு பேர்டிங் போறவங்கள்ல நிறைய பேர் சோலைக்குள்ள அண்ணாந்து பார்த்துட்டே நடப்பாங்க. ரோட்டோரப் புல்லுல ஒரு சின்னப் பறவைக் கூட்டம் கதிரை உருவிட்டு இருக்கும், அதை யாரும் திரும்பிப் பார்க்கறது இல்ல. அந்தக் கூட்டம் கருந்தொண்டைச் சில்லையா இருக்கலாம், ஃபீல்ட் கைடுல பிளாக் த்ரோட்டட் முனியான்னு போட்டிருப்பாங்க. தென்மேற்கு இந்தியாவோட மலைகள், கிழக்குத் தொடர்ச்சி மலையில சில பகுதிகள், இலங்கையோட மலைநாடு, உலகத்துலயே இந்த மூணு இடத்துலதான் இது இருக்கு. இப்படி ஒரு பறவை நம்ம பக்கத்துல இருந்தும் பார்க்காம வந்தா எனக்கு மனசு ஆறாது, அதனாலதான் எழுதறேன்.

முதல்ல எங்க போகணும்னு சொல்லிடறேன். நீலகிரி, வால்பாறை, மூணாறு, இலங்கைல நுவரெலியா பக்கம்னு எங்க போனாலும் அடர்ந்த காட்டுக்குள்ள தேடாதீங்க. காட்டு ஓரம், புல்வெளி, டீ எஸ்டேட்டுக்கு நடுவுல சும்மா கிடக்கற இடம், காய்கறித் தோட்டத்து வேலி, இந்த மாதிரி திறந்த இடமா பாருங்க. அங்கயும் பறவையைத் தேட வேண்டாம், புல்லைத் தேடுங்க. எந்தப் புல்லு இப்ப கதிர் விட்டிருக்கு, மணி பால் பிடிச்சிருக்கா முத்திடுச்சான்னு ஒரு கதிரை விரலால நசுக்கிப் பாருங்க, நசுக்கும்போது வெள்ளையா பால் வந்தா அந்த இடத்தை மறக்காதீங்க, ஏன்னா முனியா கூட்டத்துக்கு அந்தப் பருவம் ரொம்பப் பிடிக்கும். நல்லா முத்தி உதிர்ந்துட்டா கீழ தரையில இறங்கிப் பொறுக்கும், அப்ப பார்க்கறது கொஞ்சம் கஷ்டம்.

காலைல மூடுபனி விலகி வெயில் புல்லு மேல பட ஆரம்பிச்சதும் போங்க. பனி சொட்டச் சொட்ட இருக்கும்போது போனா பெருசா ஒண்ணும் கிடைக்காது. பைனாகுலர் 8x42 (எட்டு மடங்கு பெருசா காட்டறது) போதும், 10x வச்சிருந்தா அதுவும் ஓகே, ஆனா ஆடற புல்லுல ஆடற பறவையைப் பிடிக்கறதுக்கு 8தான் வசதி. ஒரு இடத்துல உக்காந்துடுங்க, நடந்துட்டே இருந்தா கூட்டம் மொத்தமா கிளம்பிப் போய் அடுத்த புதர்ல விழுந்துடும், நீங்க பின்னாடியே போக அது மறுபடி கிளம்ப, கடைசில முதுகை மட்டும்தான் பார்த்திருப்பீங்க.

கூட்டம் வந்து இறங்கிடுச்சுன்னா அடையாளம் பார்க்கலாம். ஏறக்குறைய 12 செ.மீ. நீளம், மேல அடர் பழுப்பு, முகமும் தொண்டையும் கருப்பு, கழுத்துப் பக்கவாட்டுல இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு. நம்ம ஊர் மலைல இருக்கற இனத்துக்கு வயிறும் அதே மாதிரி பழுப்புச் சாயல்ல இருக்கும், இலங்கைல இருக்கறதுக்கு வயித்துல கருப்பு வெள்ளையா செதில் மாதிரி இருக்கும். அதனால இலங்கைல எடுத்த போட்டோவை வச்சுக்கிட்டு நீலகிரில தேடினீங்கன்னா குழம்பிடுவீங்க. அறிவியல் பேர் லோன்சூரா கெலார்ட்டி, இலங்கைல மருத்துவரா இருந்து அங்கத்து உயிரினங்களைப் பத்தி எழுதின எட்வர்ட் கெலார்ட் நினைவா வச்சது. தென்மேற்கு இந்திய மலைகள்ல இருக்கற வகைக்கு ஜெர்டோனின்னு, இந்தியப் பறவைகளைப் பத்தி எழுதின ஜெர்டன் பேரை வச்சிருக்காங்க.

குழப்பறதுக்கு ரெண்டு பேர் இருக்காங்க. வெண்முதுகுச் சில்லைக்கும் தொண்டை கருப்புதான், ஆனா பறக்கும்போது முதுகுக்குக் கீழ வெள்ளைப் பட்டை பளிச்சுன்னு தெரியும், வயிறும் வெளுப்பு. புள்ளிச் சில்லைக்கு முகம் செம்பழுப்பு, அந்தக் கருப்பு முகம் இருக்காது, நெஞ்சுல செதில் தெளிவா தெரியும். குஞ்சுப் பருவத்துல எல்லாமே மொட்டைப் பழுப்பா இருக்கும், தனியா ஒண்ணை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க, கூட எந்த வளர்ந்த பறவை இருக்குன்னு பாருங்க. ஆண் பெண் பிரிக்கறதுக்கு மண்டையை உடைச்சுக்க வேண்டாம், ரெண்டும் ஒரே மாதிரிதான்.

பேர் கண்டுபிடிச்சதும் அடுத்த பறவைக்கு ஓடிடாதீங்க, சாப்பிடறதைப் பாருங்க. தண்டை காலால பிடிச்சு பக்கவாட்டுல தொங்கும், அதோட எடைக்குத் தண்டு வளையும், சில நேரம் பக்கத்துத் தண்டையும் இன்னொரு கால்ல இழுத்துப் பிடிச்சுக்கும். கதிர்ல இருந்து மணியை எடுத்ததும் நாக்கால அதை அலகோட ஓரத்துக்குத் தள்ளி, மேல் அலகுல இருக்கற பள்ளத்துல வச்சு கீழ் அலகால நசுக்கி உருட்டும், உமி பக்கவாட்டுல வெளிய வந்துடும், உள்ள இருக்கற பருப்பு மட்டும் தொண்டைக்குப் போகும். இது கண்ணு மூடித் திறக்கறதுக்குள்ள நடந்துடும். கிட்டத்துல பார்த்தா அலகோட ஓரத்துல ஈர உமி ஒட்டிட்டு இருக்கறதும் அதைத் தண்டுல தேய்ச்சுத் துடைக்கறதும் தெரியும். அந்தக் குட்டி முக்கோண அலகு ஏன் அவ்வளவு தடிமன்னு அப்ப புரியும். முழுங்கினது இரைப்பைல அரையணும்னு சின்னச் சின்ன கல்லும் சாப்பிடும், ரோட்டு ஓரத்துல மண்ணைக் கொத்திட்டு இருந்தா அதுக்காகக்கூட இருக்கலாம்.

சத்தத்தை நம்பித் தேடறது வேலைக்கு ஆகாது. கூட்டத்துல ஒண்ணுக்கொண்ணு மெல்லிசா கூப்பிட்டுக்கும், பாட்டு அதைவிட மெல்லிசு, காத்தடிச்சா கேக்காது. ஸ்பீக்கர்ல ரெக்கார்டிங் போட்டுக் கூப்பிடற பழக்கம் தயவுசெஞ்சு வேண்டாம்.

ஒரு பறவை தன்னோட உடம்பை விட நீளமான புல்லை வாயில வச்சு இழுத்துட்டு பறந்தா பக்கத்துல கூடு இருக்கு. மரக்கிளைலயோ புதர்லயோ புல்லால உருண்டையா ஒரு பந்து, பக்கவாட்டுல வாசல். பார்த்தவுடனே எங்க போகுதுன்னு மட்டும் தெரிஞ்சுக்கிட்டு தள்ளிப் போயிடுங்க. போட்டோவுக்காக முன்னாடி இருக்கற இலையை ஒதுக்கினா வாசல் வெளிய தெரிஞ்சுடும், காக்காவுக்கு அது போதும். முட்டை வெள்ளையா இருக்கும், குஞ்சுகளுக்கு முழுங்கிக் கொண்டுவந்த விதையைத்தான் கக்கி ஊட்டும், அதனாலதான் பால் பிடிச்ச புல்லு கூட்டுக்குக் கிட்டத்துல இருக்கறது ரொம்ப முக்கியம்.

பார்த்ததை இபேர்ட்ல (பறவை பார்த்ததைப் பதிவு பண்ற வெப்சைட்) போடுங்க, கூட்டத்துல எத்தனை இருந்துச்சு, எந்தப் புல்லுன்னு கமெண்ட்ல எழுதுங்க, புல்லு பேர் தெரியலைன்னா கதிரை மட்டும் ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. கூடு இருக்கற இடத்தை மட்டும் வெளிய சொல்லாதீங்க. முனியாக்களைப் பிடிச்சு கலர் அடிச்சு கூண்டுல விக்கறவங்க இருக்காங்க, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பறவையைப் பிடிக்கறதும் விக்கறதும் குற்றம், சந்தைல பார்த்தா பாவப்பட்டு வாங்கி விடாதீங்க, வாங்கினா இன்னும் பிடிப்பாங்க, வனத்துறைக்குச் சொல்லுங்க.

நீலகிரில இயற்கைப் புல்வெளி டீக்கும் சீகை (வாட்டில்) மரத்துக்கும் யூகலிப்டஸுக்கும் நிறைய போயிடுச்சு, மிச்சம் இருக்கறதுல ரோட்டோரமும் தோட்டத்து ஓரமும் நாம நினைக்கறதை விட இந்தப் பறவைக்கு வேணும். மலைல உங்களுக்கு இடமோ தோட்டமோ இருந்தா ஓரத்துல ஒரு துண்டை வெட்டாம விட்டு வைங்க, கதிர் உதிர்ந்து முடிஞ்சப்புறம் வெட்டிக்கலாம். களைக்கொல்லி அடிக்கறவங்க அந்தத் துண்டுல மட்டும் அடிக்காதீங்க.