பழைய கஞ்சா வழக்கு உள்ளவர் முன்னடத்தைச் சரிபார்ப்புப் படிவத்தை நிரப்பும் முறை

ஆவடியிலுள்ள பாதுகாப்புத் துறை நிறுவனங்களுக்கோ கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்துக்கோ தேர்வாகும் சென்னை இளைஞரின் கைக்கு வரும் அட்டஸ்டேஷன் படிவத்தின் (முன்னடத்தைச் சரிபார்ப்புப் படிவத்தின்) முகப்பிலேயே, பொய்த் தகவல் தருவதும் உண்மையை மறைப்பதும் தகுதியிழப்புக்குக் காரணமாகும் என்ற எச்சரிக்கை இருக்கும். கல்லூரி நாட்களில் கஞ்சாவோடு பிடிபட்டவர் பயத்தில் 'இல்லை' என்று எழுதிவிடக் கூடாது. பழைய வழக்கைக் காட்டிலும் அந்த ஒரு சொல்லே வேலையைப் பறிக்கக்கூடியது.

கைது செய்யப்பட்டீர்களா, வழக்குத் தொடரப்பட்டதா, அபராதம் விதிக்கப்பட்டதா, தண்டிக்கப்பட்டீர்களா என்பவை தனித்தனிக் கேள்விகள். விடுதலையானவரும் கைது பற்றிய கேள்விக்கு 'ஆம்' என்றே எழுத வேண்டும். பலர் சறுக்குவது அபராதத்தில்தான். என்.டி.பி.எஸ். எனப்படும் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 27ஆம் பிரிவு, கஞ்சா நுகர்ந்ததற்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டையும் விதிக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டு, "ஃபைன் கட்டியாயிற்று, கேஸ் முடிந்தது" என்று வீடு திரும்பியவர், சட்டத்தின் கண்ணில் தண்டனை பெற்றவரே. பிடிபடாமல் எப்போதோ புகைத்ததைப் பற்றி வழக்கமான படிவத்தில் கேள்வி இல்லை. கேட்காததை எழுத வேண்டியதில்லை.

பேனாவை எடுக்குமுன் குற்ற எண் (எஃப்.ஐ.ஆர். எண்), காவல் நிலையம், சட்டப் பிரிவு, வழக்கு எண் ஆகியவற்றைத் திரட்டி, வழக்கு நடந்த நீதிமன்றத்தில் நகல் மனு போட்டுத் தீர்ப்பின் சான்றிட்ட நகலைப் பெறுங்கள். அதன் கடைசிப் பத்தியை நிதானமாகப் படியுங்கள். 'சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை' என்றிருந்தால், தமிழ்நாடு காவல் பணிக்கான விதிகள் அவரையும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கொள்கின்றன. இது கடுமையான விதி என்பது என் கருத்து, ஆயினும் விதி அதுவே.

படிவத்தில் குற்ற வழக்கை மறைப்பது பற்றிய அவதார் சிங் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இவ்விஷயத்தில் வழிகாட்டி. இளவயதில் நேர்ந்த அற்பக் குற்றத்தை மறைத்திருந்தாலும் நிர்வாகம் மன்னிக்கலாம் என்றும், உண்மையைச் சொன்னவரையும் முன்னடத்தையை ஆராய்ந்து நிராகரிக்கும் உரிமை நிர்வாகத்துக்கு உண்டு என்றும் அது கூறுகிறது. ஆகவே உண்மை வேலைக்கு உத்தரவாதமன்று. ஆனால் உங்கள் தரப்பை எடுத்துச் சொல்லும் தகுதியை அது காப்பாற்றும்.

வழக்கு இன்னும் நிலுவையில் இருந்து, பழக்கமும் விடாதிருந்தால், கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் போன்ற இடத்தில் தாமாகவே சேர்ந்து சிகிச்சையை முழுமையாக முடியுங்கள். 27ஆம் பிரிவிலோ, சட்டம் 'சிறிய அளவு' என வரையறுக்கும் போதைப்பொருள் தொடர்பான குற்றத்திலோ சிக்கி, அப்படிச் சிகிச்சை பெறும் போதை அடிமைக்கு, அதே சட்டத்தின் 64ஏ பிரிவு வழக்கிலிருந்து விலக்களிக்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கும் போய்விடும்.

படிவத்தைக் கொடுத்த பின் புதிதாகக் கைதோ வழக்கோ நேர்ந்தால் உடனே எழுத்து மூலம் தெரிவியுங்கள். நிரப்பிய படிவத்தின் ஜெராக்ஸ் ஒன்றைத் தீர்ப்பு நகலோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்; அடுத்த முறை எழுதும் பதில் இதிலிருந்து ஒரு தேதிகூட மாறக் கூடாது.