புதுசா ஜாயின் பண்ண ஸ்டாஃப் நர்ஸை அசெஸ் பண்றது எப்படி? முதல் தடவை பிரிசெப்டார் (புது ஸ்டாஃப் கூட நின்னு சொல்லிக்குடுத்து பாக்குற சீனியர்) ஆகுறவங்களுக்கு ஸ்டெப் பை ஸ்டெப்

வார்டுல கொஞ்ச வருஷம் வேலை பாத்துட்டாலே ஒருநாள் கையில ஒரு காம்பிடென்சி ஃபார்மை குடுத்து "இந்த புது ஸ்டாஃப் ரெடியான்னு பாத்து சைன் பண்ணிடுங்க சிஸ்டர்"னு சொல்லிடுவாங்க, ஆனா எப்படி பாக்கணும், எதை பாக்கணும்னு யாரும் உக்கார வச்சு சொல்லித்தர மாட்டாங்க. அதனால நெறைய வார்டுல அந்த ஃபார்ம் ஒரே உக்கார்ல மேல இருந்து கீழ வரைக்கும் டிக் ஆகி போயிடுது. அந்த டிக்கை நம்பித்தான் அவங்களை நைட் ட்யூட்டியில தனியா விடுறோம்ங்கறதை மனசுல வச்சுக்கிட்டு இதை படிங்க.

முதல்ல ஒரு விஷயம் தெளிவா இருக்கணும். பி.எஸ்சி நர்சிங் 4 வருஷமோ ஜிஎன்எம் 3 வருஷமோ முடிச்சு, நர்சிங் கவுன்சில்ல ரெஜிஸ்டர் பண்ணிட்டா சட்டப்படி அவங்க நர்ஸ்தான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா உங்க வார்டுல, உங்க பேஷண்ட்டுக்கு, அவங்க தனியா பாதுகாப்பா வேலை செய்வாங்களாங்கறது வேற கேள்வி. ஜார்ஜ் மில்லர்னு ஒருத்தர் 1990ல இதை நாலு படியா பிரிச்சு சொன்னாரு: தெரியும், எப்படின்னு தெரியும், செஞ்சு காட்டுவாங்க, நிஜத்துல செய்றாங்க. காலேஜ் பரீட்சையும் ப்ராக்டிக்கலும் கீழ் மூணு படியை பாத்து முடிச்சிடுது, நாலாவது படியை வார்டுல இருக்குற நாமதான் பாக்கணும்.

இன்னொண்ணு, ரொம்பவும் எதிர்பாக்கக்கூடாது. பேட்ரிசியா பென்னர் 1984ல நர்ஸுங்களோட வளர்ச்சியை அஞ்சு நிலையா சொன்னாங்க, அதுல படிச்சு முடிச்சு வர்றவங்க பொதுவா ரெண்டாவது நிலையிலதான் இருப்பாங்க, மூணாவது நிலைக்கு போகவே ஒரே மாதிரி வேலையில ரெண்டு மூணு வருஷம் ஆகும்னு சொல்றாங்க. அதனால "என்ன மாதிரி வேகமா பண்றாங்களா"ன்னு பாக்காதீங்க. பண்றது பாதுகாப்பா இருக்கா, தெரியாத இடத்துல நின்னு கூப்பிடுறாங்களா, இந்த ரெண்டுதான் என்னை பொறுத்தவரைக்கும் ஆரம்பத்துல பாக்க வேண்டியது.

ஸ்டெப் 1: உங்க வார்டுக்குன்னு லிஸ்ட் போடுங்க

ஹாஸ்பிடல் ஃபார்ம்ல ஐம்பது அறுபது ஐட்டம் இருக்கும், எல்லாம் ஒரே எடை கிடையாது. மெடிக்கல் வார்டுன்னா வைட்டல்ஸ் (பிபி, பல்ஸ், மூச்சு மாதிரி), வீன்ஃப்ளான் (வெயின்ல போடுற ஐவி ட்யூப்) போடுறது, இன்சுலின், ஆக்சிஜன், பிளட் டிரான்ஸ்ஃபியூஷன், பொட்டாசியம் குளோரைடு மாதிரி ஹை ரிஸ்க் மருந்து, ஹேண்டோவர். தப்பானா உயிருக்கு ஆபத்துன்னு இருக்குற ஐட்டத்துக்கு பக்கத்துல ஸ்டார் போட்டுக்கோங்க, அதையெல்லாம் ஒரு தடவை பாத்துட்டு சைன் பண்ணக்கூடாது.

ஸ்டெப் 2: அவங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க

என்ன பாக்கப்போறோம், எப்படி இருந்தா ஓகேன்னு லிஸ்டை காட்டிடுங்க. அப்படியே அவங்களையே ஒரு தடவை மார்க் போட சொல்லுங்க. ஃபின்லாந்துல ரீட்டா மெரெடோயா டீம் 2004ல கொண்டு வந்த நர்ஸ் காம்பிடென்ஸ் ஸ்கேல்ல 73 ஐட்டம் இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 100க்குள்ள நர்ஸ் தானே மார்க் போடலாம். நமக்கு அவ்ளோ பெருசு தேவையில்ல, உங்க லிஸ்ட்ல "தனியா பண்ணுவேன், கூட ஆள் வேணும், இன்னும் பண்ணதில்ல"ன்னு மூணு கட்டம் இருந்தா போதும். அவங்க "தனியா பண்ணுவேன்"னு போட்டு நீங்க பாக்கும்போது தடுமாறுன ஐட்டம் எதுவோ அதுலதான் அதிக நேரம் செலவு பண்ணணும்.

ஸ்டெப் 3: பெட்சைடுல நின்னு பாருங்க

இதுதான் முக்கால்வாசி வேலை. பேஷண்ட்கிட்ட "நான் கூட இருக்கேன், இவங்க பண்ணுவாங்க"ன்னு சொல்லிட்டு ஒதுங்கி நில்லுங்க, வாயை திறக்காதீங்க, பேஷண்ட்டுக்கு ஆபத்து வர்ற மாதிரி இருந்தா மட்டும் உடனே உள்ள போங்க.

இன்சுலினை எடுத்துக்கோங்க. நம்ம ஊர்ல வயல்ல பெரும்பாலும் 1 மில்லிக்கு 40 யூனிட், அதுக்கு சிவப்பு மூடி போட்ட யூ-40 சிரிஞ்ச். 100 யூனிட் இன்சுலினும் இருக்கு, அதுக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். 20 யூனிட் ஆர்டர்னு வைங்க, 100 யூனிட் வயல்ல இருந்து சிவப்பு மூடி சிரிஞ்ச்ல 20 கோடு வரைக்கும் இழுத்தா உள்ள வர்றது அரை மில்லி, அதாவது 50 யூனிட், பேஷண்ட் ஹைப்போல, அதாவது சுகர் ரொம்ப இறங்குன நிலைக்கு போயிடுவாரு. மாத்தி, 40 யூனிட் வயலை ஆரஞ்சு சிரிஞ்ச்ல இழுத்தா 8 யூனிட்தான் போகும், சுகர் இறங்கவே இறங்காது. ஊசி குத்துற கோணம் சரியா இருக்கான்னு எல்லாருமே பாப்போம், நீங்க பாக்க வேண்டியது அவங்க கண்ணு வயல் லேபிளுக்கும் சிரிஞ்ச் மூடிக்கும் போகுதா, சுகர் வேல்யூ பாத்தாங்களா, சாப்பாடு வந்துடுச்சான்னு கேட்டாங்களா, பேஷண்ட் பேரை அவர் வாயாலயே சொல்ல வச்சாங்களா இல்ல "நீங்கதானே முருகேசன்?"னு கேட்டு தலையாட்டினதை நம்பிட்டாங்களான்னு.

அடுத்தது மூச்சு எண்றது. சார்ட்டை திறந்தா பாதி பேருக்கு ரெஸ்பிரேஷன் 20ன்னு வரிசையா இருக்கும், பாத்திருப்பீங்க. புது ஸ்டாஃப் வைட்டல்ஸ் எடுக்கும்போது நீங்களும் பக்கத்துல நின்னு முழு ஒரு நிமிஷம் சத்தமில்லாம எண்ணுங்க. நீங்க எண்ணினது 28, அவங்க எழுதினது 20ன்னா அதை சின்ன விஷயமா விடாதீங்க. நியூஸ் 2 ஸ்கோர்ல (பேஷண்ட் மோசமாகுறதை வைட்டல்ஸ வச்சு முன்னாடியே கண்டுபிடிக்கிற மார்க்) 20க்கு பூஜ்யம் மார்க், 25 வந்தாலே 3 மார்க், ஒரே ஐட்டத்துல 3 வந்தா டாக்டரை கூப்பிட்டு பாக்க சொல்லணும். எண்ணாம எழுதினதால டாக்டருக்கு அந்த போன் போகாமலே போயிடும், செப்சிஸ்ல (இன்ஃபெக்ஷன் உடம்பு முழுக்க பாதிக்கிற நிலை) போற பேஷண்ட்டுக்கு முதல்ல மாறுறதுல மூச்சும் ஒண்ணு.

ஒரு நாள் பாத்ததை வச்சு முடிவு பண்ணாதீங்க. காலை ட்யூட்டியில ரவுண்ட்ஸ் நேரத்துல ஒரு மாதிரி இருப்பாங்க, மூணு அட்மிஷன் ஒண்ணா வர்ற ஈவினிங்ல வேற மாதிரி இருப்பாங்க. முடிஞ்சா இன்னொரு சீனியரையும் ஒரு தடவை பாக்க சொல்லுங்க, நமக்கு பிடிச்ச பொண்ணுன்னா நம்மளை அறியாம கை தாராளமா மார்க் போட்டுடும்.

ஸ்டெப் 4: ஏன்னு கேளுங்க

வேலை முடிஞ்சதும் ஸ்டேஷன்ல வச்சு கேளுங்க, பேஷண்ட் முன்னாடி வேணாம். "இந்த பெட் பேஷண்ட்டுக்கு இன்னைக்கு நைட் என்ன தப்பா போகலாம்?"னு ஒரு கேள்வி போதும், நெறைய தெரிஞ்சிடும். அப்புறம் இந்த சிச்சுவேஷன் குடுத்து பாருங்க: ராத்திரி ரெண்டு மணி, டாக்டர் போன்ல "பொட்டாசியம் கம்மியா இருக்கு, ஒரு ஆம்பூல் கேசிஎல் (பொட்டாசியம் குளோரைடு) குடுத்துடுங்க"ன்னு வச்சிடுறாரு. ஒரு 10 மில்லி ஆம்பூல்ல 20 மில்லிஈக்விவலென்ட் (mEq) பொட்டாசியம் இருக்கு, அதை நேரா வெயின்ல தள்ளினா ஹார்ட் நின்னுடும். எதுல கலக்கணும், எவ்ளோ நேரத்துல போகணும், யூரின் போகுதான்னு திருப்பி போன் போட்டு கேட்டு, ஆர்டரை வாசிச்சு காட்டி கன்ஃபர்ம் பண்ணுவேன்னு சொல்றவங்களை நம்பலாம். "டாக்டர் சொன்னா குடுத்துடுவேன்"னு சொன்னா அவங்க இன்னும் தனியா நிக்க ரெடி இல்ல, மத்த எல்லாம் எவ்ளோ நல்லா பண்ணாலும்.

கணக்கும் ஒண்ணு குடுங்க. 500 மில்லி 4 மணி நேரத்துல, 20 சொட்டு ஒரு மில்லிங்கற செட்டுல நிமிஷத்துக்கு எத்தனை? 42 வரணும்.

ஸ்டெப் 5: அடிக்கடி வராத எமர்ஜென்சியை நடிச்சு பாருங்க

அனாஃபிலாக்சிஸ் (உயிருக்கே ஆபத்தான அலர்ஜி), கார்டியாக் அரெஸ்ட் எல்லாம் வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாது. 1975ல ரொனால்ட் ஹார்டன் ஆரம்பிச்ச ஆஸ்கி (OSCE) பரீட்சையில ஸ்டேஷன் ஸ்டேஷனா வைப்பாங்கல்ல, அதே மாதிரி ஒரு காலி பெட்ல ஒரே ஒரு ஸ்டேஷன் போடுங்க. "ஆன்டிபயாடிக் போட்டு அஞ்சு நிமிஷம் ஆச்சு, மூச்சு திணறுது, பிபி 70"ன்னு சொல்லிட்டு வாட்சை பாருங்க. மருந்தை நிறுத்துறாங்களா, ஆள் கூப்பிடுறாங்களா, கிராஷ் கார்ட்ல (எமர்ஜென்சி மருந்து வண்டி) அட்ரினலின் எந்த ட்ராயர்ல இருக்குன்னு தெரியுதா, பெரியவங்களுக்கு தொடையில 0.5 மில்லிகிராம் ஐஎம் (தசையில போடுற ஊசி)னு தெரியுதா. ட்ராயரை தேடி தேடி திறக்குறாங்கன்னா அது அவங்க தப்பு மட்டும் இல்ல, யாரும் சுத்தி காட்டலைன்னும் அர்த்தம்.

ஸ்டெப் 6: போன்ல பேசுறதை கேளுங்க

ஐஸ்பார் (ISBAR) ஃபார்மட், அதாவது நான் யாரு, என்ன பிரச்சனை, பின்னணி என்ன, நான் பாத்தது என்ன, என்ன வேணும்னு வரிசையா சொல்றது, எல்லாரும் படிச்சிருப்பாங்க. ஆனா ட்யூட்டி டாக்டருக்கு போன் போடும்போது "சார் பேஷண்ட் ஒரு மாதிரி இருக்காரு"ன்னு நிறுத்திடுவாங்க, அவரும் "பாத்துக்கோங்க"ன்னு வச்சிடுவாரு. "சார், மெடிக்கல் வார்டு 12வது பெட், நிமோனியா கேஸ், ரெண்டாவது நாள், மூச்சு 22ல இருந்து 30 ஆயிருக்கு, ஆக்சிஜன் போட்டும் சாச்சுரேஷன் 88, நீங்க இப்ப வந்து பாக்கணும்"னு பேச வருதான்னு பாருங்க. கடைசி வாக்கியம் ரொம்ப முக்கியம், என்ன வேணும்னு கேக்குறதுக்குத்தான் புதுசா வந்தவங்க பயப்படுவாங்க.

ஸ்டெப் 7: பாத்ததை எழுதுங்க

"குட்", "ஆவரேஜ்", "இம்ப்ரூவ் பண்ணணும்" எதுவுமே உதவாது. "செவ்வாய் ஈவினிங், இன்சுலின், லேபிளையும் சிரிஞ்சையும் ஒத்து பாத்தாங்க, சாப்பாடு வந்துச்சான்னு கேக்கலை, நான் ஞாபகப்படுத்தினேன்"னு எழுதினா அடுத்து பாக்குற சிஸ்டருக்கும் புரியும், அவங்களுக்கும் எதை மாத்தணும்னு புரியும்.

அதை அதே ஷிப்ட் முடியுறதுக்குள்ள தனியா கூப்பிட்டு சொல்லிடுங்க. அட்டெண்டர் முன்னாடி, ரவுண்ட்ஸ்ல டாக்டருங்க முன்னாடி திட்டுற பழக்கம் நம்ம வார்டுகள்ல இன்னும் இருக்கு, அதை தயவுசெஞ்சு விட்டுடணும். ஒரு தடவை அசிங்கப்பட்ட பொண்ணு அடுத்த தடவை டோஸ் தப்பா போனா வெளியவே சொல்ல மாட்டா, அதுல பாதிக்கப்படப்போறது பேஷண்ட்.

ஸ்டெப் 8: ஐட்டம் ஐட்டமா சைன் பண்ணுங்க

ஆள் ரெடியா இல்லையான்னு மொத்தமா பாக்காதீங்க. வைட்டல்ஸ் தனியா பண்ணலாம், பிளட் டிரான்ஸ்ஃபியூஷன் கூட ஆள் வேணும், இப்படி பிரிச்சு எழுதினா இன்சார்ஜ் ட்யூட்டி போடும்போதே யாரோட யாரை போடணும்னு தெரியும். ஆள் இல்லைன்னு அவசரத்துல "சைன் பண்ணிடுங்க, பாத்துக்கலாம்"னு பிரஷர் வரும், கண்டிப்பா வரும். அப்ப ஸ்டார் போட்ட ஐட்டத்துல மட்டும் விட்டுக்குடுக்காதீங்க, நர்சிங் சூப்பிரண்டென்ட்கிட்ட எழுத்துல குடுங்க, "இந்த மூணும் இன்னும் பாக்கலை, அது வரைக்கும் கூட ஒரு சீனியர் வேணும்"னு. வாய்ல சொன்னா மறந்துடுவாங்க, பேப்பர்ல இருந்தா ரோஸ்டர் போடுறவங்க யோசிப்பாங்க.

பாஸ் ஆகாத ஐட்டத்துக்கு யார் கூட நின்னு சொல்லித்தருவாங்க, எத்தனை தடவை பண்ணி பாக்கணும்னு எழுதிடுங்க. கடைசியா உங்க சைன், அவங்க சைன், பாத்த தேதி, திரும்ப பாக்கப்போற தேதி, நாலும் இருக்கான்னு செக் பண்ணிட்டு ஒரு ஜெராக்ஸ் அவங்க கையில குடுத்துடுங்க.