கபாமா செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரிசி, உலர்பழங்கள், பாதாம், அக்ரூட், வெண்ணெய், தேன் எல்லாவற்றையும் ஒரு முழுப் பரங்கிக்காய்க்குள் அடைத்து ஓவனில் வேகவைப்பதுதான் கபாமா. ஆர்மேனியாவில் புத்தாண்டு தொடங்கி, அங்கே கிறிஸ்துமஸ் கொண்டாடும் ஜனவரி 6 வரை பண்டிகை மேசைக்கு வரும் உணவு. செய்வது கடினமில்லை. ஆனால் பரங்கிக்காயை வெறும் அழகுப் பாத்திரமாக நினைத்தால் அங்கேயே கோளாறு ஆரம்பித்துவிடும்.

முதலில் காயை வாங்கும் விதம். பெரிதாக இருந்தால் கம்பீரமாக இருக்குமே என்று தூக்கி வராதீர்கள். வீட்டு ஓடிஜி ஓவனுக்குள் அது நுழையுமா, மேல் கம்பியில் இடிக்காதா என்று அளந்துவிட்டுப் போங்கள். இரண்டு கிலோ அளவில், சதை கெட்டியாக, அடி தட்டையாக இருந்தால் போதும். மூடியைச் சற்றுச் சாய்வாக வெட்டுங்கள். நேராக வெட்டினால், காய் வெந்து சுருங்கும்போது மூடி உள்ளே விழுந்துவிடும். விதையையும் நாரையும் வழித்தெடுத்தால் சரி, சதையைச் சுரண்ட வேண்டாம். சுவர் மெலிந்தால் காய் பாதியில் சரிந்துவிடும்.

பெரும்பாலும் சொதப்புவது அரிசியில்தான். முழுச் சோறாக வேகவைத்து அடைத்தால் கடைசியில் கிடைப்பது களி. ஓவனில் இருக்கும் நேரம் முழுக்க ஆவியிலும் காயின் சாற்றிலும் அரிசி வெந்துகொண்டேதான் இருக்கும். சரி, பச்சையாகவே போடலாமா? அதற்கு அந்த ஈரம் பற்றாது, நடுவில் நறுக்கென்று நிற்கும். உப்புப் போட்ட கொதிநீரில் வேகவைத்து, தம் பிரியாணிக்கு வடிக்கிற பதத்தில் வடித்துவிடுங்கள்: கடித்தால் நடுவில் வெள்ளைப் பொட்டு தெரிய வேண்டும். பாஸ்மதி என்றால் ஐந்து நிமிடத்திலேயே பார்க்கத் தொடங்குங்கள். இந்தக் காய்க்கு ஒரு கப் அரிசி போதும். அழுத்தித் திணிக்காமல் முக்கால் அளவுக்கு நிரப்பி, அரை டம்ளர் வெந்நீர் ஊற்றி மூடுங்கள்.

அடுத்தது தித்திப்பு. பேரீச்சை, டூட்டி ஃப்ரூட்டி, இரண்டு கரண்டி தேன் என்று போய்விட்டால் இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. உலர்ந்த ஆப்ரிகாட், புளிப்பான உலர் பிளம் இரண்டும்தான் இதற்கு உயிர். கிஸ்மிஸ் கொஞ்சம், பட்டைத்தூள் ஒரு சிட்டிகை. தேனில் பாதியை வெண்ணெயோடு குழைத்து உட்சுவரில் தடவுங்கள், மீதி அரிசிக்கு. வெளித்தோலில் தேன் பூசினால் கருகிக் கசக்கும்.

சூட்டைக் கூட்டி வேலையைச் சீக்கிரம் முடிக்கப் பார்க்காதீர்கள். தோல் வெடிக்கும், உள்ளே சதை வேகாது. 180 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வரை ஆகலாம். கடிகாரத்தை விடக் கத்தியை நம்புங்கள்: பக்கவாட்டில் குத்தினால் தடையில்லாமல் இறங்க வேண்டும்.

எடுத்தவுடன் வெட்டினால் சோறு சரிந்து கொட்டும். பத்து நிமிடம் ஆறட்டும். அப்புறம் மேலிருந்து கீழாக, அடிவரை போகாமல் கீறினால் இதழ்போல் விரியும். சோற்றை மட்டும் கரண்டியால் அள்ளிப் பரிமாறுவது பெரிய அநியாயம். ஒவ்வொரு தட்டுக்கும் பரங்கித் துண்டும் சேர்ந்தே போக வேண்டும்.